விதி எழுதிய ஊரில் வேர்விடாத ஆட்டம்

இந்தியாவில் அமெரிக்கக் கால்பந்தைப் பரப்பத் தொடங்கப்பட்ட எலீட் ஃபுட்பால் லீக்கின் முதல் கோப்பை 2012-இல் புனேவின் பெயரில் எழுதப்பட்டது. புனே மராத்தாஸ் அணி இறுதியாட்டத்தில் டெல்லி டிஃபெண்டர்ஸ் அணியை 6-0 என்ற கணக்கில் வென்றது. கோப்பை வந்த ஊரில் ஆட்டம் தங்கவில்லை. லீக்கும் எதிர்பார்த்தபடி வளரவில்லை. பணம் போதவில்லை என்றும், கிரிக்கெட் ஆளும் நாட்டில் வேறு எதுவும் எடுபடாது என்றும் இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பது என் கருத்து. பாட்மின்டனுக்கு முதன்முதலில் விதி எழுதப்பட்ட ஊர் புனே. கோ-கோவுக்கு எல்லைக்கோடு போட்டதும் அதே ஊர்தான். அங்கே ஓர் ஆட்டம் தங்காமல் போனால் அதற்கான காரணத்தையும் அந்த ஊரின் வரலாற்றில்தான் தேட வேண்டும். மைதானமும் முதலீடும் தேவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஆட்டத்தின் விதி சாதாரண மனிதர் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று அந்த வரலாறு சொல்கிறது. 2012-இல் அணி வந்தது, சீருடை வந்தது, பயிற்சியாளர்கள் வந்தார்கள், தொலைக்காட்சி வந்தது. விதி மட்டும் பார்வையாளரிடம் வந்து சேரவில்லை. எட்டு ஆண்டு கழித்து ஒரு சின்னச் செல்போன் விளையாட்டு, பழைய வீடியோ கேம்களின் கட்டம்கட்டமான பொம்மைகளை வைத்துக்கொண்டு, அதே விதியை யார் கையிலும் கொடுத்துவிடக்கூடிய ஒன்றாக ஆக்கியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 2012-இல் நடந்த பிழை தெரியும்.

முதலில் பாட்மின்டன். இறகுப்பந்தை மட்டையால் தட்டி விளையாடுவது பல நாடுகளில் இருந்த பழைய வழக்கம். அதற்கு நடுவே வலை கட்டி, எல்லை வகுத்து, எப்போது புள்ளி, எப்போது தவறு என்று எழுதிவைத்தவர்கள் 1870-களில் புனே பாசறையில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள். ஆட்டத்துக்கே ‘பூனா’ என்று ஒரு பெயர் வழங்கியது. அந்த விதிகள் இங்கிலாந்துக்குப் போயின, திருத்தப்பட்டன. 1893-இல் அங்கே பாட்மின்டன் சங்கம் உருவானது. இதற்குச் சற்று முன்பு தஞ்சாவூரில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மராத்தியர் ஆண்ட தஞ்சை அரச குடும்பத்தில் 1856 வாக்கிலேயே பூப்பந்து ஆடப்பட்டது. இறகுப்பந்து காற்றில் அலைந்துபோகும் என்பதால் கம்பளி நூல் பந்து. திறந்தவெளிக்கு ஏற்ற, ஏழைப் பள்ளிகூட நடத்திவிடக்கூடிய அருமையான ஆட்டம். தமிழ்நாட்டு ஊர்களில் ஐந்து பேர் அணியாகப் பூப்பந்து ஆடிய தலைமுறைகள் உண்டு. ஆனால் அதற்கு அகில இந்திய சம்மேளனம் அமைய 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்று உலகம் சுற்றியது, மற்றொன்று நம் மாவட்டங்களுக்குள் நின்றது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். பாட்மின்டனை உலகம் முழுக்கக் கொண்டுபோனது விதிப்புத்தகமா, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கப்பலா? கப்பலின் பங்கை மறுப்பதற்கில்லை. தஞ்சை அரண்மனைக்குக் கப்பல் இல்லை. 1855-இல் வாரிசு இல்லை என்று சொல்லி அந்த அரசையே கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆனாலும் கப்பல் எதை ஏற்றிக்கொண்டு போயிற்று என்று கேட்க வேண்டும். நம் நீலகிரியிலேயே அதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஸ்னூக்கரை உண்டாக்கினார். ஏழு ஆண்டு அது படைமுகாம்களில் வாய்மொழியாகச் சுற்றியது. 1882-இல் உதகமண்டலத்தில், ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. அதன்பின் அந்த அறைக்கு வந்துபோனவர்கள் படியெடுத்துக்கொண்டு போகத்தக்கதாக ஆட்டம் ஆனது. கப்பலில் ஏறியவர்கள் தங்களோடு கொண்டுபோனது ஒரு தாளில் அடங்கும் சில வரிகளைத்தான். மேசையையும் பந்தையும் எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம்.

அதிகாரிகள் எழுதிய விதியைவிட, புனேயின் சொந்த மக்கள் எழுதிய விதிதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 1906-இல் டெக்கான் ஜிம்கானா தொடங்கப்பட்டது. திலகர் காலத்துப் புனே. உடற்பயிற்சியும் சுதேசியும் ஒன்றாகப் பேசப்பட்ட காலம். அந்த ஜிம்கானாவில் 1914-இல் கோ-கோவுக்கு முறையான விதிகள் வகுக்கப்பட்டன. அந்த ஆட்டத்தின் அழகு முழுவதும் அதன் தடைகளில் இருக்கிறது. துரத்தும் அணியில் எட்டுப் பேர் மைதானத்தின் நடுக்கோட்டில், ஒருவர் விட்டு ஒருவர் எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாமவர் எழுந்து துரத்துவார். அவர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரு திசையில் ஓடத் தொடங்கிவிட்டால் கோடியில் உள்ள கம்பத்தை எட்டும்வரை திரும்பக் கூடாது. தப்பி ஓடுபவருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையே புகுந்து எந்தப் பக்கமும் போகலாம். அதனால் துரத்துபவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் தனியாக யாரையும் பிடிக்க முடியாது. சரியான நொடியில், சரியான முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும் தோழரின் முதுகைத் தட்டி ‘கோ’ என்று சொல்லித் துரத்தலை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். தெருவில் ஓடிப்பிடித்து ஆடும் விளையாட்டைத் திட்டமிட்டு ஆடும் விளையாட்டாக மாற்றியது ‘திரும்பக் கூடாது’ என்ற அந்த ஒரு விதி. அதை எழுதுவதற்குக் காகிதமும் சுண்ணாம்பும் போதும். எந்தப் பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியரும் கயிறு பிடித்து அளந்து கோடு போட்டுவிடலாம். அப்படித்தான் கோ-கோ மராட்டியத்தைத் தாண்டி, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மைதானங்கள் வரை வந்தது.

அதே ஜிம்கானா வெளிநாட்டு ஆட்டத்தின் அளவுகோலைச் சந்தித்தபோது என்ன ஆயிற்று என்பதும் பதிவாகியிருக்கிறது. 1919-இல் ஜிம்கானாவின் தலைவர் தோராப்ஜி டாடா அங்கே நடந்த தடகளப் போட்டியைப் பார்த்தார். கிராமத்து விவசாயிகள் வெறுங்காலோடு நெடுந்தூரம் ஓடினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஐரோப்பிய ஓட்டக்காரர்களின் நேரத்துக்கு அருகில் இருந்தது அவரை வியக்கவைத்தது. மறு ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்தியர்களை அனுப்ப முடிவாயிற்று. நூறு மீட்டர் ஓட்டத்துக்குத் தகுதி நேரம் என்னவாக இருக்கும் என்ற கேள்வி வந்தபோது, ஒன்றிரண்டு நிமிடம் இருக்கலாம் என்று ஜிம்கானாவின் முக்கியஸ்தர் ஒருவர் சொன்னதாக ஒலிம்பிக் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். அங்கே வினாடியின் பத்தில் ஒரு பங்கு கணக்கு என்று தெரிந்ததும் திகைத்துப்போனாராம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. உடல் தயாராக இருந்தது; அளவுகோல்தான் தெரியவில்லை. அளவுகோல் தெரிந்ததும் ஓராண்டுக்குள் அணி கப்பலேறியது. பதெப்பா சௌகுலே 1920 ஒலிம்பிக் மாரத்தானில் 19-ஆவதாக வந்தார். ஆட்டத்தின் கணக்கு கைக்கு வந்துவிட்டால் மற்றதை இந்த மண் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்போது அமெரிக்கக் கால்பந்துக்கு வருவோம். பார்த்துப் புரிந்துகொள்ள அதைப்போலக் கடினமான பந்தாட்டம் அரிது. படித்துப் புரிந்துகொள்ள அதைப்போல ஒழுங்கான பந்தாட்டமும் அரிது. இந்த முரணுக்குக் காரணம் அதன் பிறப்பு. யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் 1880-இல் ரக்பியின் பந்துக்குவியல் தள்ளுமுள்ளை நீக்கினார். பந்து ஓர் அணியிடம் இருக்கும், அந்த அணி நின்று நிதானித்துத் தொடங்கும் என்று விதி செய்தார். அணிக்குப் பதினொரு பேர் என்பதும் அப்போதுதான் வந்தது. உடனே ஒரு கோளாறு தெரிந்தது. பந்தைப் பெற்ற அணி அதை விடாமல் வைத்துக்கொண்டால் என்ன செய்வது? 1881-இல் யேலும் பிரின்ஸ்டனும் ஆளுக்குப் பாதி ஆட்டம் பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, புள்ளியே இல்லாமல் பார்வையாளரை வெறுப்பேற்றின. அதனால் 1882-இல் மூன்று முயற்சிக்குள் ஐந்து யார்டு முன்னேறாவிட்டால் பந்தை விட்டுவிட வேண்டும் என்று விதி வந்தது. அதை அளக்க மைதானம் முழுக்க ஐந்து யார்டுக்கு ஒரு கோடு போடப்பட்டது. மைதானத்தில் வீரர்கள் செத்து விழுந்த கொடுமைக்குப் பிறகு, 1906-இல் பந்தை முன்னால் வீசலாம் என்ற அனுமதி வந்தது. இன்றைய நான்கு முயற்சி, பத்து யார்டு என்பது 1912-இன் ஏற்பாடு.

ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் ஆட்டம் நிற்கிறது. நிற்கும் இடத்தில் யோசனைக்கு இடம் வருகிறது. யோசனைக்கு இடம் வந்தால் யோசிப்பதற்கென்றே ஓர் ஆள் வருவார். அப்படித்தான் மைதானத்துக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் அந்த ஆட்டத்தின் நடுநாயகமாக ஆனார். எந்த வீரரை எடுப்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், மூன்றாவது முயற்சியில் ஓடுவதா வீசுவதா என்று எல்லாமே ஆட்டத்தின் உட்பகுதி. நிர்வாகம் அந்த ஆட்டத்தின் வயிற்றிலேயே பிறந்தது. ஆகவே அதைப் பார்க்க வருபவருக்கு முயற்சி எண்ணும் மிச்ச யார்டும் தெரியாவிட்டால், தலைக்கவசம் போட்ட இருபத்திரண்டு பேர் சில நொடி மோதுவதும் பிறகு நெடுநேரம் நிற்பதும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

எலீட் லீக் 2011 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது இந்தச் சிக்கலை யாரும் முதன்மையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மைக் டிட்கா, கர்ட் வார்னர் போன்ற அமெரிக்கப் பெரும் பெயர்கள் ஆதரவாளர்களாக வந்தன. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிராண்டன் சில்லரும் சேர்ந்தார். கிரீன் பே அணிக்கு ஆடியவர் அவர். புனே, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று நகரங்களின் பெயரில் அணிகள். இலங்கைக்கு கொழும்பு லயன்ஸ். ரக்பியும் கபடியும் தடகளமும் பழகிய இளைஞர்களைத் தேர்ந்து, அதுவரை அந்த நீள்வட்டப் பந்தைக் கையில் தொட்டிராதவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த இளைஞர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓராண்டில் ஒரு புதிய ஆட்டத்தைப் போட்டித் தரத்தில் ஆடிக்காட்டுவது பெரிய காரியம். ஆனால் அணிகள் தத்தம் ஊர் மக்கள் முன்னால் வாராவாரம் ஆடவில்லை. ஆட்டங்கள் முன்கூட்டியே படம்பிடிக்கப்பட்டுப் பின்னர் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன. புனேயின் சதாசிவ் பேட்டையில் இருக்கும் ஒரு சிறுவன் புனே மராத்தாஸ் தன் அணி என்று உணர வேண்டுமென்றால் அவனுக்கு ஒன்று ஆட்டம் நேரில் தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஆட்டத்தின் விதி தெரிந்திருக்க வேண்டும். அவனிடம் கொடுக்கப்பட்டது ஊரின் பெயர் எழுதிய சட்டை மட்டும்.

தொலைக்காட்சிக்காகவே நடத்தப்படும் லீக் எதுவும் இந்தியாவில் தங்காது என்று சொல்ல முடியுமா? 2014 ஜூலையில் தொடங்கிய புரோ கபடி அதற்கு நேர் எதிரான சான்று. அதுவும் நகரப் பெயர், பளபளப்பு விளக்கு, தொலைக்காட்சிப் பணம் என்று அதே வார்ப்பில் வந்ததுதான். ஆனால் ரெய்டு போகிறவர் மூச்சை விட்டால் என்ன ஆகும் என்பது பார்ப்பவர் அனைவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. 2024 மார்ச் 1 அன்று ஹைதராபாத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸை 28-25 என்று வென்று புனேரி பல்டன் கோப்பை எடுத்தபோது மூன்று புள்ளி வித்தியாசம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே இடத்தில் நடத்தினால் எடுபடாது என்பதற்கும் பதில் புனேயிலேயே இருக்கிறது. 2022 ஆகஸ்ட், செப்டம்பரில் அல்டிமேட் கோ-கோவின் முதல் பருவம் பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் நடந்தது. சென்னை குவிக் கன்ஸ் உட்பட எல்லா அணிகளும் அங்கேதான் ஆடின. இறுதியில் ஒடிசா ஜகர்நாட்ஸ் தெலுகு யோத்தாஸை 46-45 என்று ஒரே புள்ளியில் வென்றது. அந்த லீக் ‘வஜீர்’ என்று ஒரு புதிய பொறுப்பைக் கொண்டுவந்தது. வஜீராக இருப்பவர் துரத்தும்போது எந்தத் திசையிலும் திரும்பலாம். 1914-இன் ‘திரும்பக் கூடாது’ என்ற விதியைத் தெரிந்தவருக்குத்தான் வஜீர் திரும்பும் நொடியில் உடம்பு சிலிர்க்கும். தெரியாதவருக்கு அது யாரோ ஓடுவது. பார்வையாளரின் உற்சாகம் விதியறிவின் மேல் கட்டப்படுகிறது. அந்த அடித்தளம் இல்லாத இடத்தில்தான் எலீட் லீக் மாடி எழுப்பப் பார்த்தது.

விதியைக் கையில் கொடுப்பது எப்படி? அமெரிக்கர்கள் இதற்குப் பழைய வழி ஒன்று வைத்திருந்தார்கள். ஹால் ரிச்மன் 1961-இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பெயரில் அட்டையும் பகடையும் கொண்ட பேஸ்பால் விளையாட்டை விற்கத் தொடங்கினார். 1968-இல் அமெரிக்கக் கால்பந்துக்கும் அதுபோல வந்தது. அட்டையில் வீரரின் திறமை எண்களாக இருக்கும். ஆடுபவர் பயிற்சியாளராக இருந்து முடிவெடுப்பார். அந்த அட்டைகளோடு வளர்ந்த டிரிப் ஹாக்கின்ஸ்தான் பின்னாளில் பயிற்சியாளர் ஜான் மேடன் பெயரில் 1988-இல் கணினி ஆட்டம் கொண்டுவந்தவர். அணிக்குப் பதினொரு பேர் இல்லாவிட்டால் அது கால்பந்தே ஆகாது என்று மேடன் பிடிவாதம் பிடித்தார். ஜப்பானின் டெக்மோ நிறுவனம் எதிர்ப்பாதையில் போனது. நின்டென்டோவுக்கான அதன் டெக்மோ பவுல் 1989-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அணிக்கு ஒன்பது பேர்; ஓர் அணிக்கு நான்கே ஆட்டத் திட்டம்; எதிராளி அந்த நான்கில் சரியானதை ஊகித்துவிட்டால் முயற்சி அங்கேயே நொறுங்கிவிடும். இவ்வளவு குறைத்த பிறகும், குறைத்ததனாலேயே, ஆட்டத்தின் எலும்பு தெரிந்தது: நீ என்ன செய்யப் போகிறாய் என்று நான் யோசிக்கிறேன், நான் யோசிப்பேன் என்று நீயும் யோசிக்கிறாய். 1991-இல் வந்த டெக்மோ சூப்பர் பவுல் பதினொரு பேரையும், இருபத்தெட்டு அணிகளையும், ஒரு பருவத்தின் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக்கொண்டது.

இதன் நேரடி வாரிசுதான், தொடக்கத்தில் சொன்ன, 2020-இல் வந்த செல்போன் விளையாட்டான ரெட்ரோ பவுல். செய்தவர் பிரிட்டனின் சைமன் ரீட். அவருடைய நியூ ஸ்டார் நிறுவனம் அதற்கு முன் நம் கால்பந்தை வைத்துச் செய்த நியூ ஸ்டார் சாக்கர் 2013-இல் பாஃப்டா விருது பெற்றது. 2021 இறுதியில் ரெட்ரோ பவுல் அமெரிக்காவில் ஆப்பிள் ஆப் ஸ்டோர் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. ஓர் அமெரிக்க ஆட்டத்தை மற்றவர்க்குப் புரியவைத்த இரண்டு பெரிய கருவிகளில் ஒன்று ஜப்பானில் செய்யப்பட்டது, மற்றொன்று பிரிட்டனில். இரண்டும் அந்த ஆட்டத்தைத் தெருவில் ஆடி வளர்ந்த நாடுகள் அல்ல. விதியைப் படித்து, அதன் சாரம் எது என்று பிரித்தெடுத்து, அதை மட்டும் செய்தார்கள். புனேயில் பிறந்த பாட்மின்டனை இந்தோனேசியா தன் உயிராக்கிக்கொண்டதையும் இதோடு நினைத்துக்கொள்ளலாம். விதி தெளிவாக இருந்தால் அதற்குப் பிறந்த ஊர் ஒரு பொருட்டில்லை.

ரெட்ரோ பவுலில் ஒரு நிலைமையைக் கிட்டத்தில் பார்ப்போம். நான்காவது டவுன், அதாவது நான்காவது முயற்சி. இன்னும் மூன்று யார்டு வேண்டும். பந்து எதிராளியின் 35-ஆவது யார்டுக் கோட்டில். உதைத்து ஃபீல்டு கோல் போட்டால் மூன்று புள்ளி. ஆனால் அங்கிருந்து உதைக்கும் தூரம் 52 யார்டு, உங்கள் உதைப்பவர் சுமார்தான். பன்ட் செய்தால், அதாவது பந்தை நெடுந்தூரம் உதைத்துவிட்டால், அதை ஒப்படைத்து எதிராளியைப் பின்னுக்குத் தள்ளலாம். துணிந்து ஆடினால், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் மேல் விரலை வைத்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும். புள்ளிக்கோடாகப் பந்தின் பாதை தெரியும். ஓடுகிறவர் அந்தக் கோட்டின் முனைக்கு வந்து சேரும் நொடியை ஊகித்து விரலை எடுக்க வேண்டும். தவறினால் பந்து எதிராளிக்கு. அதன்பின் உங்களால் எதுவும் செய்ய முடியாது. தடுப்பாட்டம் உங்கள் விரலுக்கு வராது, அது கணக்காகவே நடந்து முடிவுகள் எழுத்தாகத் திரையில் வரும். பருவத்தின் தொடக்கத்தில் தடுப்பாட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்காமல் மிச்சம் பிடித்து நல்ல குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தால், அந்தக் கணக்கு இப்போது உங்களை வந்து அறையும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியல், சம்பள உச்சவரம்பு, வீரரின் மன உற்சாகம், பயிற்சிக்கூடத்தை மேம்படுத்துவதா காயமடைந்தவருக்கான வசதியை மேம்படுத்துவதா என்ற தேர்வு, எல்லாம் அந்த ஒரு விரல் அசைவில் வந்து முடிகின்றன. வால்டர் கேம்ப் 1882-இல் ஏன் அந்த விதியை எழுதினார் என்பது ஒரே ஒரு நான்காவது டவுனில் விளங்கிவிடும்.

செல்போனில் விரல் தேய்ப்பது விளையாட்டாகுமா, வியர்வை எங்கே என்று உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. திரை உடலை வளர்க்காது. மணிக்கணக்கில் உட்காரவைக்கவும் செய்யும். அதை மைதானத்துக்கு மாற்றாக யாராவது முன்வைத்தால் நானும் எதிர்ப்பேன். ஆனால் டெக்கான் ஜிம்கானாவில் 1914-இல் எழுதப்பட்ட தாளும் யாருக்கும் வியர்வை வரவழைக்கவில்லை. தாள் செய்யும் வேலை வேறு, மைதானம் செய்யும் வேலை வேறு. நம் பள்ளிப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைச் சட்டென்று பிரித்துப் பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எண்ணி கிரிக்கெட் ஆடினார்கள். ஆறு பந்து ஓர் ஓவர், பத்து விக்கெட் ஓர் இன்னிங்ஸ் என்ற கணக்கு மழைக்கால வகுப்பறையிலும் கிரிக்கெட்டை உயிரோடு வைத்திருந்தது. அந்தப் பிள்ளைகள் மழை விட்டதும் மைதானத்துக்குத்தான் ஓடினார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விதியை எழுதும்போது எழுதப்படாத பல அழிகின்றன. தமிழ்நாட்டில் சடுகுடு ஊருக்கு ஊர் வேறு வேறாக இருந்தது. மூச்சுப் பிடித்துக்கொண்டு போகிறவர் பாட்டுப் பாடிக்கொண்டு போவார், ஊருக்கு ஒரு பாட்டு. மராட்டியத்தில் அதற்கு ‘ஹுதூதூ’ என்று பெயர். 1918 முதல் மராட்டியத்திலும், பின்பு பரோடாவின் ஹிந்த் விஜய் ஜிம்கானாவிலும் விதிகள் ஒழுங்காகி, 1950-இல் அகில இந்திய சம்மேளனம் அமைந்தபோது, ‘கபடி கபடி’ என்ற ஒரே ஒலிப்புதான் செல்லும் என்றாயிற்று. சடுகுடுப் பாட்டும் போயிற்று, ஹுதூதூவும் போயிற்று. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்ததற்கு அந்த ஒருமைப்பாடு ஒரு காரணம் என்பது உண்மை. அதற்குக் கொடுத்த விலையும் உண்மை. இந்த மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் விலை கொடுக்க நேர்ந்தது விதி எழுதியதால் என்பதைவிட, எழுதியபோது பாட்டைக் குறித்துவைக்க யாரும் அக்கறை கொள்ளாததால் என்றே நினைக்கிறேன். ரெட்ரோ பவுல் தடுப்பாட்டத்தை விட்டுவிட்டதும் இதே வகையான இழப்பு. எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுவதும், தெரியாமல் தொலைப்பதும் ஒன்றல்ல.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி காலம் ஒரு வாய்ப்பைக் கொண்டுவந்திருக்கிறது. 2023 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் கூட்டம், புனேவிலிருந்து சில மணி நேரத் தொலைவில் உள்ள மும்பையில் நடந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு ஃபிளாக் ஃபுட்பாலும் இடம்பெறும் என்று அங்கேதான் முடிவாயிற்று. அமெரிக்கக் கால்பந்தின் மோதல் இல்லாத வடிவம் அது. அணிக்கு ஐந்து பேர்; ஆளைத் தள்ளி வீழ்த்துவதற்குப் பதில் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவ வேண்டும். தலைக்கவசம் வேண்டாம், தோள் கவசம் வேண்டாம். கோ-கோ ஆடும் பெண்பிள்ளைகளின் குனிதலும் திரும்புதலும் அப்படியே அதற்குப் பொருந்தும். இந்த முறையும் வீரர் தேர்வும் லீக்கும் ஒளிபரப்பு ஒப்பந்தமும் முதலில் வந்தால் 2012 மறுபடியும் நடக்கும்.

ஆகவே மராட்டியத்திலும் தமிழ்நாட்டிலும் இந்த ஆட்டத்தை நடத்த முன்வரும் சங்கங்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் செலவை விதிப்புத்தகத்துக்குச் செய்யுங்கள். மராத்தியிலும் தமிழிலும், படத்தோடு, பள்ளிக்கு ஒரு பிரதி போய்ச் சேரட்டும். கேம் எழுதும் தொழில் புனேவுக்குப் புதிதல்ல. 2008 முதல் கேம் நிறுவனமான யுபிசாஃப்ட்டின் கிளை அங்கே இருக்கிறது, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் மறுவடிவத்துக்கான வேலை மும்பையோடு சேர்த்து அந்த ஊரில்தான் தொடங்கியது. அந்தத் தொழில் தெரிந்தவர்கள் கோ-கோவுக்கும் சடுகுடுவுக்கும், பயிற்சியாளர் இடத்தில் ஆடுபவரை உட்காரவைக்கும் ஒரு சின்ன ஆட்டம் எழுதட்டும். தொலைந்த பாட்டுகளில் எஞ்சியிருப்பதை வயதான ஆட்டக்காரர்களிடம் கேட்டு அதில் சேர்க்கட்டும். அணிக்குப் பெயர் வைப்பதும் சட்டை தைப்பதும் அதற்குப் பிறகு நடக்கலாம்.